துருவலை எவ்வளவு உழைக்கிறது?

பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுப்பதைச் சீருடை என்றே எல்லோரும் சொல்கிறோம். கைக்கு வருவது சீருடை அல்ல, துணி. 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த இந்த ஏற்பாடு, இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சராக மாறி, மறுபடி துணிக்கே திரும்பிவிட்டது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, 2023க்குத் தேவைப்பட்ட துணியில் சுமார் 70 வீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. 2025க்கான துணி முழுவதுமே அங்கிருந்துதான் வந்தது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவருக்கான அந்தத் துணி கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, கிழக்கில் எங்கள் நாவிதன்வெளிப் பக்கத்து அன்னமலைக்கும் சவளக்கடைக்கும் சாளம்பைக்கேணிக்கும் சொறிக்கல்முனைக்கும் மடித்த பொட்டலமாக வந்து சேர்ந்தது. அத்தோடு அரசாங்கத்தின் வேலை முடிகிறது. அதைப் பிள்ளையின் உடம்பில் ஏற்றும் கடைசி வேலை வீட்டின் தலையில். மாரியோடு ஒட்டிப் பாடசாலை தொடங்கும் ஆண்டுகளில் அந்த வேலை வந்து விழும் நேரமும் பொல்லாதது. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையிலான நேர்வழி அறுந்துபோகும். பெரும்போக வேளாண்மை வயலில் நிற்கும்; அறுவடைக் காசு கைக்கு வந்திராது. தையற்கடையில் ஊர்ப்பிள்ளைகள் எல்லோருடைய துணியும் ஒரே வாரத்தில் குவிந்து கிடக்கும்.

இந்தப் பொட்டலம் ஒரு விதிவிலக்கும் அல்ல. நம் வீடுகளில் புழங்கும் உடுப்பில் கணிசமானது அரைகுறையாகத்தான் கடையிலிருந்து வருகிறது. சாரம் வாங்கினால் இரண்டு தலைப்பையும் சேர்த்து மூட்ட வேண்டும். சேலை வாங்கினால் அதன் கூடவே வரும் சட்டைத்துண்டைத் தைக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும். உள்பாவாடை, தலையணை உறை, பிள்ளைக்கு வீட்டுச் சட்டை என்று புடவைக்கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் சீத்தைத் துணியில் எத்தனையோ தேவைகள் அடங்குகின்றன. ஆக, வீட்டில் உடுப்புத் தைப்பது மேல்நாட்டுப் பொழுதுபோக்காக இங்கே வந்து இறங்கவேண்டிய ஒன்றல்ல. பாதி வழி ஏற்கனவே வந்தாயிற்று. மிச்சப் பாதியில் நம்மை மறித்து நிற்பது, தையல் மெசின் என்றதும் தொழில் என்று நினைக்கும் பழக்கம் என்பதே என் வாதம். ‘தைத்து எவ்வளவு உழைக்கலாம்?’ என்பதுதான் வரும் முதற் கேள்வி. அடுப்படியில் தேங்காய் துருவும் துருவலையைப் பார்த்து, அது மாதம் எவ்வளவு உழைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது உழைக்காததால் வீண் என்றும் யாரும் சொல்வதில்லை.

கிழக்கில் தையல் மெசின் பெரும்பாலும் வீட்டுக்குள் வந்தது நிவாரணமாக. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், போர் முடிந்த பிறகும், வாழ்வாதார உதவி என்ற பெயரில் கொடுக்கப்பட்ட பொருட்களில் கோழிக்குஞ்சுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பக்கத்தில் தையல் மெசினும் தவறாமல் இருந்தது. தமிழ்நாட்டிலும் இதே எண்ணந்தான்: சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக நடக்கும் இலவச தையல் இயந்திரத் திட்டம் கைம்பெண்களும் கணவரால் கைவிடப்பட்டவர்களும் சொந்தக் காலில் நிற்பதற்கென்று வகுக்கப்பட்டது. நோக்கத்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. ஓர் ஒழுங்கையில் பத்துப் பேருக்கு மெசின் கொடுத்து, பத்துப் பேருக்கும் ஒரே பயிற்சியும் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் வாடிக்கையாளராக மிஞ்சுவது மற்ற ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரிடமும் மெசின் இருக்கிறது. கல்முனைக் கடைத்தெருவில் தொங்கும் ஆயத்த ஆடையோடு விலையில் மோத முடியாது. பெருநாள், பொங்கல், பாடசாலை தொடங்கும் காலம் தவிர மற்ற மாதங்களில் வேலையும் குறைவு. இரண்டு வருடத்தில் மெசின் மூலைக்குப் போகிறது. அதைப் பார்க்க வரும் உத்தியோகத்தர், வருமானம் இல்லை, எனவே திட்டம் தோல்வி என்று எழுதிக்கொண்டு போகிறார். அதே மெசினில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சீருடையும் அவர்களின் தாயின் நைட்டியும் தகப்பனின் சாரமும் தைக்கப்பட்டிருந்தால், அது அவருடைய படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது. ஏனென்றால் காசு கைமாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொருள் முதலில் உலகத்துக்குப் பரவியதே வீட்டுப் பொருளாகத்தான். ஐசக் சிங்கர் தன் மெசினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். அதன் விலையை ஒரே தடவையில் கொடுக்கக் குடும்பங்களால் முடியாது என்று கண்ட அவருடைய நிறுவனம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே தவணை முறையைக் கொண்டுவந்தது. இலங்கைக்கு சிங்கர் வந்தது 1877இல். இன்றைக்கு குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கும் அந்தப் பெயர் இந்த நாட்டில் கால்வைத்தது மெசினோடுதான். இயந்திரங்களை அடியோடு வெறுத்தவர் என்று பெயர் வாங்கிய காந்திகூட, 1924இல் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, சிங்கரின் மெசினுக்கு விலக்குக் கொடுத்தார். அது வீட்டிலிருப்பவரின் கைப்பாட்டைக் குறைக்கும் என்பது அவர் கண்ட நியாயம். நம் நாட்டில் இந்தப் பார்வையைப் புரட்டிப்போட்டது 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம். இறக்குமதித் துணி தாராளமாக வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்று ஒரு திட்டத்தையே தொடங்கினார். இன்று நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் நாற்பது வீதம் ஆடை, துணியிலிருந்து வருகிறது. உலகத்துக்கே உடுப்புத் தைக்கும் நாடு என்று நெஞ்சை நிமிர்த்தலாம். ஆனால் தொழிற்சாலை வரிசையில் ஒருவர் செய்வது கொலர் வைப்பது மட்டும். அடுத்தவர் கை மூட்டுவது மட்டும். அதற்கடுத்தவர் பை வைப்பது மட்டும். பத்து வருடம் அங்கே உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பும் ஒரு பெண் ஆயிரமாயிரம் சேட்டுகளில் கைவைத்திருப்பார். ஆனால் ஒரு முழுச் சேட்டையேனும் வெட்டித் தைத்திருப்பார் என்று சொல்ல முடியாது.

வீட்டுத் தையலின் ஆதாயம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உடுப்பை மறுபக்கம் புரட்ட வேண்டும். ஆயத்தச் சட்டை ஒன்றின் உட்புறத்தில் பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். தையலுக்கு வெளியே மிஞ்சியிருக்கும் துணி ஒரு சென்டிமீற்றர் வரும். அதன் ஓரத்தை ஓவர்லொக் மெசின் வெட்டிச் சுற்றி அடைத்திருக்கும். தொழிற்சாலைக்காரருக்கு அது சரியான கணக்கு. ஓர் உடுப்பில் இரண்டு சென்டிமீற்றர் மிச்சம் பிடித்தால் பத்தாயிரம் உடுப்பில் 200 மீற்றர். ஆனால் அந்தச் சட்டையை ஒருநாளும் பெருப்பிக்க முடியாது. உடம்பு கொஞ்சம் வைத்தால் சட்டை கழிந்தது. வீட்டில் தைப்பவர் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கலாம். இரண்டு பக்கத் தையலையும் பிரித்தால் சுற்றளவு மூன்று அங்குலம்வரை கூடும். பிள்ளையின் பாவாடைக்கு அடியில் மூன்று அங்குலம் மடித்து அடித்தால், அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்து இறக்கலாம். வெளுத்த பழைய மடிப்புக்கோடு தெரியும் என்றால் அதன்மேல் ஒரு நாடா. வளர்கிற பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு தடவைதான் சீருடைத் துணி வருகிறது, பிள்ளையோ வருடம் முழுக்க வளர்கிறது என்ற எளிய உண்மைக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கடையில் இல்லை. தையற்கடைக்காரர் விட்டுத் தைக்க மாட்டாரா என்றால், கேட்டால் தைப்பார். ஆனால் பிரிப்பதற்கு மறுபடி அவரிடம் போக வேண்டும், மறுபடி கூலி, மறுபடி ‘வெள்ளிக்கிழமை வாங்க’. இந்தச் சின்ன வேலைகள்தான் கடையில் கடைசிக்குத் தள்ளப்படுபவை. உடுப்பின் ஆயுளைத் தீர்மானிப்பவையும் இவைதான்.

அளவும் அதே கதைதான். எஸ், எம், எல் என்ற எழுத்துகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. அமெரிக்காவில் 1930களின் இறுதியில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து, 1941இல் வெளியிட்ட அறிக்கைதான் பெண்களுக்கான அளவுத்திட்டங்களுக்கு அடித்தளங்களில் ஒன்று. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் அதில் கணக்கில் எடுக்கப்படவே இல்லை. இந்தியா தன் மக்களின் அளவுகளைத் தனியாக எடுக்க, ‘நிஃப்ட்’ என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் மூலம் 25,000 பேரை அளக்கும் முயற்சியில் இறங்கியதே அண்மையில்தான். அந்த எழுத்துகளுக்குள் அடங்காத உடம்பு குறையுள்ள உடம்பு என்று நினைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! இங்கே இன்னொன்றும் சேர்கிறது. நாவிதன்வெளியின் தமிழ்ப் பெண்ணானாலும் முஸ்லிம் பெண்ணானாலும் அன்றாட உடுப்பில் தேடுவது கை நீண்டதும் கழுத்து இறங்காததும் உடம்பில் ஒட்டாததுமான ஒன்று. அதுவும் இந்தக் கடற்கரை வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் பருத்தியில். கடையில் கை நீளமாக இருந்தால் துணி பொலியெஸ்டராக இருக்கிறது. துணி பருத்தியாக இருந்தால் கை குட்டையாக இருக்கிறது. வயல் வேலைக்குப் போகும் பெண் கணவரின் பழைய முழுக்கைச் சேட்டை மேலே போட்டுக்கொள்வதன் காரணம், அந்த வேலைக்கென்று யாரும் உடுப்புத் தைக்கவில்லை என்பதுதான்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, கடையில் மலிவு. இது பொய் அல்ல. ரீசேர்ட், ஜீன்ஸ், உள்ளாடை, விளையாட்டு உடுப்பு ஆகியவற்றை வீட்டில் தைக்கப் புறப்படுவது காலவிரயம் என்றே சொல்வேன். பின்னல் துணிக்கும் தடித்த துணிக்கும் வேறு மெசின் வேண்டும், வேறு ஊசி வேண்டும். ஆனால் பெரியவர் ஒருவருக்கான நைட்டிக்குச் சுமார் மூன்று மீற்றர் துணி போதும். உள்பாவாடைக்கு இரண்டு அல்லது இரண்டரை. சாரம் மூட்டுவதென்றால் ஒன்றேகால் மீற்றர் நேர்த்தையல் மட்டுமே. இவற்றில் விலையைக் கூட்டுவது துணி அல்ல, கூலியும் கடை வாடகையும் இடைத்தரகும். ஒப்பிட வேண்டியதும் வாங்கும் அன்றைய விலையை அல்ல. எத்தனை மாதம் உடுத்தினோம் என்பதால் பிரித்து வரும் விலையை. மிக மலிவான ஆயத்த ஆடையின் விலையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தபோது, அங்கே தைக்கப்பட்டுக்கொண்டிருந்தவை இத்தகைய உடுப்புகளே. அதே நேரம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் தைப்பவரும் சந்தைக்கு வெளியே நிற்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியபோது, இறக்குமதித் துணியும் நூலும் விலை ஏறத்தான் செய்தன. இதற்கு ஓரளவு பதில் கல்முனைக்கு வடக்கே சில கிலோமீற்றரில் இருக்கிறது. மருதமுனையின் கைத்தறி 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தழைத்து, 1977க்குப் பிறகு தளர்ந்து, 2004இல் கடலிடமும் தறிகளைப் பறிகொடுத்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் சாரத்தோடும் சேலையோடும் ஒட்டிப்போய்விட்டது. வீட்டுச் சட்டைக்கும் பிள்ளையின் கவுணுக்கும் மீற்றர் கணக்கில் துணி கேட்கும் வீடுகள் பக்கத்திலேயே இருந்தால், நெசவாளருக்கு அது இன்னொரு சந்தை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. அடுப்பு, பிள்ளை, வயல், தண்ணீர் என்று ஏற்கனவே முதுகு முறியும் பெண்ணின் மேல் இன்னொரு கூலியில்லா வேலையை ஏற்றுவதா? இந்தக் கேள்விக்கு வரலாறும் துணைக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அரசாங்கம் 1941இல் உடுப்புக்குப் பங்கீடு விதித்தது; 1943இல் பழையதைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் சமாளிப்பது எப்படி என்று கைநூல் வெளியிட்டது. பங்கீட்டை அரசாங்கம் விதிக்க, ஊசியைப் பிடித்தவர்கள் இல்லத்தரசிகள். ஆகவே, ‘வீட்டிலேயே தையுங்கள்’ என்று மேடையில் சொல்பவர் தன் சேட்டை யார் தைக்கிறார் என்று முதலில் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வாதம் தையலுக்கு எதிரானது அல்ல, தையலைப் பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்ததற்கு எதிரானது. கடைத்தெருவில் மெசினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஆணாக இருந்தால் அது தொழில்; அதே மெசின் வீட்டுக்குள் வந்ததும் பெண் வேலையாகிவிடுகிறது. கூலி கிடைக்கும் இடத்தில் ஆண் விரல்களுக்கு நூல் கோர்க்க முடியும் என்றால், வீட்டிலும் முடியும். ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டுவரை நம் பாடசாலைகளில் ‘செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. தன் சாரத்தைத் தானே மூட்டவும் அறுந்த பொத்தானைத் தைக்கவும் பையன்கள் கற்பதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. அத்துடன், வேலை எவ்வளவு என்பதையும் மிகைப்படுத்த வேண்டாம். ஒரு குடும்பத்தின் அன்றாட உடுப்பு மாதாமாதம் தைக்கப்படுவதில்லை. பெருநாள் உடுப்பையும் கலியாணச் சட்டையையும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், மிஞ்சுவது வருடத்தில் சில நாள் வேலை.

அப்படியானால் தையற்காரரின் பிழைப்பு? இதற்குத் தையலின் உள்வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தைப்பது கடினமான பகுதி அல்ல, வெட்டுவதுதான் கடினம். பெரிய கடைகளில் வெட்டுபவர் ஒருவர், தைப்பவர்கள் வேறு என்று இருப்பதன் காரணம் அதுதான். துணியின் நெடுக்குநூலோடு பிசகாமல் வைத்து, துவைத்தால் சுருங்கும் அளவை முன்கூட்டியே நினைத்து, கைக்குழியின் வளைவைச் சரியாக இறக்கி வெட்டுவது வருடக்கணக்கான பழக்கம். கோணலாகத் தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம். கோணலாக வெட்டியதை ஒட்ட முடியாது. புதிதாக மெசின் பழகுபவர் மனம் விட்டுப்போவதும் பெரும்பாலும் கத்தரிக்கோலில்தான், ஊசியில் அல்ல. அமெரிக்காவில் எபெனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் பல அளவுகளில் கடதாசி மாதிரிவெட்டுகளை விற்கத் தொடங்கியது இந்த இடைவெளியைக் கண்டுதான். வெட்டும் அறிவைக் கடதாசியாக்கி வீடுகளுக்கு விற்றார். கல்முனையிலோ மத்திய முகாம் என்ற ஊரிலோ ஒரு தையற்கடை, அளவெடுத்து வெட்டிக் கொடுப்பதற்கு மட்டும் ஒரு கட்டணம், அந்த அளவைக் கடதாசியில் வெட்டித் தருவதற்கு இன்னொரு கட்டணம் என்று பலகை மாட்டினால், சீருடைக் காலத்து நெரிசலில் தையற்காரரும் மூச்சு விடலாம். சேலைச் சட்டை, கோட், அபாயாவின் வேலைப்பாடு, பொத்தான் துளை அடிப்பது எல்லாம் அவரிடமே இருக்கும். அவரிடமிருந்து போகப்போவது, அவரே முகம் சுளித்து வாங்கி வைக்கும் வேலைகள்.

எனவே மாற வேண்டியது பயிற்சியின் இலக்கு. கிழக்கில் பிரதேச செயலகங்களையும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தையும் ஒட்டி இயங்கும் தையல் வகுப்புகள் ஆண்டு முடிவில் கண்காட்சியோடும் சான்றிதழோடும் நிறைவுறுவது வழக்கம். கண்காட்சி என்றால் கண்ணுக்கு எடுப்பானதே மேசைக்கு வரும்: சுருக்கு வைத்த கவுண், பூ வேலை செய்த மெத்தை உறை. அவற்றைத் தைக்கக் கற்றவருக்கு ஆறு வயதுப் பையனின் காற்சட்டையின் இடுப்புப் பட்டியில் தடுமாற்றம் வரலாம். என் யோசனை இது: இறுதிப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு வந்த சீருடைத் துணியையே கொண்டுவரட்டும். அதை வெட்டித் தைத்துப் பிள்ளைக்குப் போட்டு அனுப்பட்டும். புள்ளி அன்றைக்கு வேண்டாம். ஒரு தவணை முடியட்டும். கிணற்றடியில் அடித்துத் துவைத்து, வெயிலில் காய்ந்து, விளையாட்டில் இழுபட்டு வரட்டும். அதன் பிறகு பரீட்சகர் அந்தச் சட்டையை மேசைமேல் வைத்து, உட்புறத்தைப் புரட்டி, எத்தனை அங்குலம் விட்டுத் தைத்திருக்கிறது என்று நாடாவால் அளந்து புள்ளி போடட்டும்.